நாட்டுக்கு ஒரே டாக்டர்

லுசாகா ஆஸ்பத்திரி ஒன்றில் கபெம்ப்வா படுத்து மூன்று மாதமாகிறது. முதுகில் செய்த ஆபரேஷன் பலிக்கவில்லை. வைத்த திருகாணி கழன்று, இடது கால் மரத்துப்போயிருந்தது.

நேற்று அடுத்த கட்டிலுக்கு ஒருவர் வந்தார். புரண்டு படுக்கவே முனகினார்.

“உங்களுக்கும் முதுகாண்ணே?” என்று கேட்டார் கபெம்ப்வா.

“ஆமா. ஆபரேஷன் பண்ணியும் சரியாகலை.”

“அப்ப நீங்களும் அந்த டாக்டருக்குத்தான் காத்துக் கெடக்கணும். கெட்டுப்போன முதுகைத் திரும்பத் தெறந்து சரிபண்ண இந்த நாட்டுலயே அவர் ஒருத்தர்தானாம். லீவுல போனவர் இன்னும் வரலை. நாம இங்க துடிக்கிறோம், அவர் எந்த ஏரியில மீன் பிடிக்கிறாரோ.”

அடுத்த கட்டில்காரர் கூரையைப் பார்த்தார்.

நர்ஸ் ஒரு பெரிய உறையோடு உள்ளே வந்தாள். கபெம்ப்வா அவளை விடவில்லை.

“டாக்டர் சிமுகொண்டா இன்னைக்காவது வருவாராம்மா?”

அவள் தயங்கினாள். பிறகு அடுத்த கட்டில்காரரிடம் உறையை நீட்டினாள்.

“உங்க எக்ஸ்ரே, டாக்டர் சிமுகொண்டா. உங்களுக்கு ஆபரேஷன் பண்ண யாரும் கெடைக்கலையாம்.”



“மன்னிச்சுக்குங்க தம்பி,” என்றார் டாக்டர். “உங்க எக்ஸ்ரேயையும் குடுங்க. பாக்க மட்டுந்தான் என்னால முடியும்.”