லெஷெக்கின் ரகசியக் காடு

“மச்சான், மறைக்காம சொல்லு. இந்தக் காளானை எந்தக் காட்டுல பறிச்சே?”

விதோல்ட் கேட்ட தோரணை போலீஸ் விசாரணை போல இருந்தது. லெஷெக் இன்னும் தோல் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேசைமேல் கூடை நிறையக் காளான். பழுப்புத் தொப்பியும் தடித்த வெள்ளைத் தண்டுமாக, ஒவ்வொன்றும் ஒரு பன் அளவு இருந்தது.

“காளானைக் காட்டுலதான் பறிப்பாங்க.”

“எந்தக் காடுன்னு கேட்டேன்.”

“அதை மட்டும் கேக்கக் கூடாது மச்சான்.”

அது நியாயம்தான். போலந்தின் மசூரியா ஏரிப் பக்கத்தில் ஒருவனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், காளான் எடுக்கும் இடத்தைக் கேட்கக் கூடாது. சாகக் கிடக்கிற அப்பன்கூட மகனுக்குப் பாதி வழியைத்தான் சொல்லிவிட்டுப் போவான்.

விதோல்ட் விடுவதாக இல்லை. தங்கை இரேனாவின் புருஷன் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பழைய ஜாவா மோட்டார் பைக் வாங்கியது அவனுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

“இரேனா, நீயே கேளு. ஏரிச் சாலைத் திருப்பத்துல காளான் விக்கிறவங்க உக்காந்திருப்பாங்கல்ல? போன சனிக்கிழமை உன் புருஷன் வண்டி அங்க நின்னுச்சாம். என் கூட வேலை பாக்கிறவன் கண்ணால பாத்திருக்கான்.”



பார்த்தவன் பொய் சொல்லவில்லை. ஜாவா வாங்கிய அன்று, “இந்த வயசுல இது எதுக்கு?” என்று இரேனா கேட்டாள். “நல்ல காட்டுக்கெல்லாம் பஸ் போறதில்ல” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். “சரி, வீட்டுக்குக் காளான் வர்ற வரைக்கும் வண்டி இருக்கட்டும்” என்றாள் அவள்.

ஆரம்பத்தில் அவனும் ஒன்றிரண்டு தடவை காட்டுக்குள் இறங்கிப் பார்த்தான். முகத்தில் சிலந்திவலை ஒட்டியதுதான் மிச்சம். அதன் பிறகு சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பி ஏரிகளைச் சுற்றுவான். ஹெல்மெட்டுக்குள் தொண்டை கிழியப் பாடுவான். யார் காதிலும் விழாது. முழங்கால் வலி, அலுவலகம், வங்கிக் கடன் எல்லாம் மறந்துபோகும். திரும்பும் வழியில் திருப்பத்தில் நிறுத்தி, ஹன்கா அக்காவிடம் ஒரு கூடைக் காளான் வாங்கிக்கொள்வான். வாரம் முழுக்க அவன் காத்திருப்பது அந்த ஒரு காலைப் பொழுதுக்குத்தான்.

“அங்க நிறுத்தித் தண்ணி குடிச்சேன். அது தப்பா?” என்றான்.

“தப்பே இல்ல. வர்ற சனிக்கிழமை என்னையும் பின்னாடி ஏத்திக்கோ. என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு காளான் பறிச்சுக் காட்டு. முடியலேன்னா வண்டியை வித்துடு, வாங்க ஆள் இருக்கு. என்ன சொல்ற இரேனா?”

லெஷெக் உள்ளே நுழைந்தபோது எதையோ தேடி இழுப்பறைகளைக் குடைந்துகொண்டிருந்தவள், இப்போது ரொட்டி அறுக்கும் நீளக் கத்தியால் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“என்னை எதுக்கு இழுக்கிற? சனிக்கிழமை காலையில நான் உண்டு, என் குறுக்கெழுத்து உண்டு.”

“நல்லா போட்ட போ. ஜூன் மாசத்துப் புத்தகம் இன்னும் பாதிகூட முடியல. இதைத்தான் வாராவாரம் உக்காந்து போடறியா?”

விதோல்ட் ஜன்னலோரம் கிடந்த குறுக்கெழுத்துப் புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கூடைப் பக்கம் வந்தான். “விலைக்கு வாங்கினதுன்னா ஏதாவது அடையாளம் இருக்கும்” என்று சொல்லி, காளான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். அடியில் கிடந்த இலைகளுக்கு நடுவே அவன் கை எதிலோ தட்டியது.

ஒரு சின்னக் கத்தி. வளைந்த அலகு, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. காளான் பறிக்கிறவர்கள் வைத்திருக்கும் கத்தி.

“இது யாருது?”

இரேனாவின் கை நின்றது. லெஷெக் அந்தக் கத்தியை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. ஹன்கா அக்காவுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தான்.

“என்னோடதுதான்.”

விதோல்ட் அலகை விரலால் தடவிப் பார்த்தான். கத்தியில் மண் ஒட்டியிருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. அவன் முகம் தொங்கிப்போனது.

“அப்ப நிஜமாவே பறிக்கத்தான் போறியா? சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காத மச்சான்.” கத்தியை லெஷெக்கிடம் நீட்டி, “ஆனாலும் இடத்தைச் சொல்ல மாட்டே?” என்றான்.

“மாட்டேன்.”

நான்கு காளானைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு விதோல்ட் போய்விட்டான்.

இரேனா கூடையருகே உட்கார்ந்து ஒரு காளானை எடுத்து முகர்ந்தாள். “இந்த வாரம் ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு” என்று சந்தோஷமாகச் சொன்னாள். லெஷெக்குக்குத் தாங்கவில்லை. ஊரை ஏமாற்றலாம், இவளை எப்படி ஏமாற்றுவது? வண்டி போனால் போகட்டும் என்று ஜாவாவின் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“இரேனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் காளானெல்லாம் வந்து…”

“சொல்லாத. காளான் இடத்தைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாது.” அவள் சாவியை அவன் பக்கமே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். “அந்தக் கத்தியை மட்டும் கொடு. காட்டுலேர்ந்து வந்ததுலேர்ந்து தேடிட்டிருக்கேன். பறிச்சதை ஹன்காவோட கூடையில கொட்டும்போது விழுந்திருக்கும்போல.”