வலப்பக்க வளைவு

வட்டை எறிந்து தூரத்துக் கம்பிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவருடைய பையில் இரண்டே வட்டுகள் இருந்தன. சிவப்பு வட்டு மரங்களில் மோதி மோதி விளிம்பு தேய்ந்தது. சாய்த்து எறிந்தால் அழகாக வலப்பக்கம் வளையும். வெள்ளை புதிது, எப்படி எறிந்தாலும் கடைசியில் இடப்பக்கம்தான் திரும்பும்.

அன்று கூடைக்கு நேர்வழியில் ஒரு வேலமரம் நின்றது. இடப்பக்கம் குளத்தின் மேலாகப் போய், வலப்பக்கம் வளைந்து வந்தால்தான் கூடை. ஆட்டக்காரரின் கை பைக்குள் வந்தது.

“அண்ணே, உங்களைத்தான் தேடுறார்,” என்றது வெள்ளை.

முந்தின நாள் மரத்தில் வாங்கிய அடி சிவப்புக்கு இன்னும் வலித்தது. “நீ போயேன். எப்பப் பாரு பையிலயே கிடக்கேன்னு புலம்பினியே?”

“எனக்கு வலப்பக்கம் வளைய வராதே அண்ணே.”

“அவர் சாய்ச்சு எறிவார். நீ அப்படியே சாய்ஞ்சுக்கோ, போதும்.”

போதாது என்று சிவப்புக்குத் தெரியும். தெரிந்தே அடியில் பதுங்கியது. வெள்ளை ஆசையாக விளிம்பை நீட்டியது.

“சரி, இதையே சாய்ச்சுப் போட்டுப் பார்ப்போம்,” என்று அவர் எறிந்தார்.

வெள்ளை சாய்ந்துதான் போனது. பாதி வழியில் தானாக நிமிர்ந்து, இடப்பக்கம் திரும்பி, நடுக்குளத்தில் விழுந்தது.

ஆட்டக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வெகுநேரம் துழாவினார். கிடைக்கவில்லை. கரையேறி வந்து சிவப்பைக் கையில் எடுத்தார்.

“என் தப்பு. முதல்லயே உன்னை எடுத்திருக்கணும்.”

“இல்லை, நான்தான்,” என்றது சிவப்பு. வட்டுகளின் பேச்சு வட்டுகளுக்குத்தான் கேட்கும். பையில் வேறு வட்டு இல்லை.