மூச்சு முட்டும் வண்டி

“எறங்க மாட்டேன்னா எறங்க மாட்டேன்! வண்டியத் தள்ளிக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போன குடும்பம்னு பேரெடுக்கவா வாலிகண்டபுரத்துலேருந்து வந்தேன்?”

நின்றுபோன ஜாவா மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில், மடியில் பூவும் பழமும் நிறைந்த பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள் கலியம்மாள். அம்மாவையும் வண்டியையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்தபடி வேர்வை வழிய நின்றான் சிங்காரவேலு. கல்லங்குறிச்சியில் பெண் வீடு எதிரிலேயே தெரிந்தது. நாலே வீடு தள்ளி, நீலக் கதவு.

“கொஞ்சம் எறங்கும்மா, ரெண்டு உதை உதைச்சுப் பாக்குறேன்.”

“நீ இருநூறு உதை உதைச்சாலும் அதுக்கு மனசு வர அரை மணி நேரம் ஆவும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும்!”

மணி பத்து இருபது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டிக்கு வேறு ஒரு குறையும் கிடையாது. அறுபத்தைந்தாம் வருஷத்து வண்டி. இந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை கை மாறியதோ, யார் கண்டது? மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரான சிங்காரவேலுவை ஏரிக்கரை, மாட்டுவண்டிப் பாதை, சோளக்கொல்லை என்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால், சேர்ந்தாற்போல இருபது மைல் ஓடினால் பொசுக்கென்று நின்றுவிடும். ஏன் என்று பெரம்பலூரில் எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை.

அப்படி நின்று நின்றே நாலு சம்பந்தம் போய்விட்டது. ஒரு வீட்டுக்கு ராகு காலத்தில் போய் நின்றார்கள். இன்னொரு வீட்டுக்கு எமகண்டத்தில். மூன்றாவது வீட்டில் காத்திருந்து காத்திருந்து கேசரியை அவர்களே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நாலாவது வீட்டில் கதவே திறக்கவில்லை.

“இதுவும் தட்டிப் போச்சுன்னா வண்டி நாளைக்கே காயலான் கடைக்கு. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கும்மா.” குனிந்து டேங்கைத் தட்டிக்கொடுத்தான். “ஏ ராசா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மானத்தக் காப்பாத்துடா.”

ராசா கேட்பதாக இல்லை.

அதற்குள் நீலக் கதவு திறந்தது. பெண்ணின் அப்பா சாமிதுரையும் தரகர் அமிர்தலிங்கமும் வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தரகர் மேல் கலியம்மாளுக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவர், ஜாதகத்தைக்கூட வாங்காமல், ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வண்டி நம்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு, வெள்ளிக்கிழமை வந்துடுங்க” என்று சொல்லிப் போனவர் அவர்.

சாமிதுரை “வாங்க” என்றுகூடச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மட்கார்டைத் தடவினார். சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார்.

“யாரு தம்பி இதுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சது?”

“நான் வாங்குறப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு.”

“ம்ச்!” என்று தலையை ஆட்டினார் சாமிதுரை.

“போச்சு, அஞ்சாவதும் போச்சு” என்று முணுமுணுத்தாள் கலியம்மாள்.

“டேங்க் மூடியத் தெறந்து வுடுங்க!”

பெண் குரல். எல்லோரும் திரும்பினார்கள். பாதி பின்னிய சடையும் கையில் பூச்சரமுமாகத் தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தாள் கண்ணகி. கல்யாணப் பெண்ணேதான்.

“தெறங்க, சொல்றேன்ல! மூச்சு முட்டுது அதுக்கு!”

பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்ணே நடுத்தெருவுக்கு வந்து பார்க்கிற கூத்தைக் கலியம்மாள் எங்கேயும் கண்டதில்லை.

சிங்காரவேலு மூடியைத் திருகினான். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடிவிட்டு, அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே ஒரே உதை. இரண்டு சைலன்சரும் படபடவென்று பாட, “ஐயோ முருகா!” என்று மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள் கலியம்மாள்.

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” வண்டிச் சத்தத்துக்கு மேல் சந்தோஷமாகக் கத்தினான் சிங்காரவேலு.

“சின்னப் புள்ளையில இந்த டேங்க் மேலதான் உக்காந்து போவேன். நின்னா மூடி தெறக்குறது என் வேலை” என்றாள் கண்ணகி. “ஆறு மாசத்துக்கு முன்ன அரியலூர் ரோட்டுல நின்னுட்டிருந்தீங்க. பஸ்ஸுலேருந்து பாத்தேன். கலர் மாறினா என்ன, நம்பர் எனக்கு மனப்பாடம். அந்த வெயில்லயும் நீங்க வண்டியத் திட்டல. துண்டை நனைச்சு டேங்க் மேல போட்டுட்டுப் பக்கத்துலயே நின்னீங்க. அன்னிக்கே தரகர்கிட்ட நம்பரை எழுதிக் குடுத்துட்டேன்.”

சொல்லிவிட்டு, அப்போதுதான் வெட்கம் வந்தவளாகப் பாதிச் சடையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். சிங்காரவேலு அவளைப் பார்ப்பதா வண்டியைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பார்த்துச் சிரித்தான்.

சாமிதுரை தலையைச் சொறிந்தார். “என் வண்டிதான் தம்பி. இவ டீச்சர் படிப்புக்காக வித்தேன். மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மழைத்தண்ணி எறங்குதேன்னு அதை ஈயம் வச்சு அடைச்சுட்டேன். அதுலேருந்துதான் உள்ள காத்துப் போவாம, பெட்ரோல் எறங்காம நிக்க ஆரம்பிச்சுது. விக்கிறப்ப அதைச் சொல்ல மறந்துட்டேன்.”

மணி பத்து இருபத்தெட்டு. கலியம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். பையைக் கண்ணகியின் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவே கேட்கும்படி சத்தம் போட்டாள்:

“அப்ப எம் மவனுக்கு வந்த நாலு சம்பந்தத்தையும் கெடுத்தது நீங்கதானா, சம்பந்தி!”