ஒரு கட்டுக் குச்சி

மரவள்ளியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒரு செடியின் குச்சியை வெட்டி நட்டால் அதுவே அடுத்த செடி. நல்லம்மாளின் தோட்டத்துக் குச்சி வெளியே போனது ஒரே ஒரு முறைதான். மூன்று வருடத்துக்கு முன் அவள் புருஷன் பெரியண்ணன், பக்கத்து ஊரில் இருந்த அவளுடைய தம்பி செங்கோடனுக்குக் கொடுக்க ஒரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

"மாமா இங்க வரவே இல்லக்கா" என்று செங்கோடன் எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். பெரியண்ணன் எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றது ஊர்.

யார் எந்த ரகம் வளர்க்கிறார்கள் என்று கண்டறிய, தோட்டம் தோட்டமாக இலை பறித்துப்போய் மரபணு சோதனை செய்த அதிகாரி இன்று முடிவோடு வந்தார். முந்நூறு தோட்டங்களில் அவளுடைய ரகம் இரண்டே இடத்தில்தான் இருந்ததாம்.

"இன்னொண்ணு உங்க தம்பி காடுங்கம்மா. சந்தையில வாங்கி நட்டேன்னு சாதிக்கிறாரு. சோதனைகிட்ட அந்தப் பருப்பு வேகுமா? அது உங்க செடியேதான்!" என்று சிரித்தார்.

நல்லம்மாள் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க சார், அவன் காட்டுல செடி எந்த எடத்துல ரொம்பச் செழிப்பா நிக்குதுங்க?"