பதினேழாம் எண்

“பேரைச் சொல்லக் கூடாது. படிச்ச பள்ளிக்கூடம், பார்க்கிற வேலை, வீட்ல யார் என்ன பண்றாங்க, எதையும் சொல்லக் கூடாது. சொன்னா மதிப்பெண் போயிடும். தெரியும்ல?” என்றார் பேராசிரியர் மேங், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“தெரியும் சார். இங்க நான் வெறும் பதினேழாம் எண்” என்றாள் எதிரே வந்து உட்கார்ந்த பெண்.

நேர்காணலில் மேங் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்ற விதி கொரியா முழுக்க இருந்தாலும், தன் அளவுக்கு அதைக் கடைப்பிடிக்கிற ஆள் கிடையாது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சுற்றுச்சூழல் துறையை மூடிவிடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. இப்போது தலைகீழ். முப்பது வயது தாண்டியவர்களுக்கென்று ஒதுக்கிய மூன்றே இடத்துக்கு ஐம்பத்திரண்டு பேர் முட்டி மோதினார்கள். காலையிலிருந்து பதினாறு பேர் வந்து பனிக்கரடிக்காகக் கண் கலங்கிவிட்டுப் போயாயிற்று. மேங்குக்குக் காது புளித்துவிட்டது.

பேப்பர் கப்பில் காபிப் பொட்டலத்தைக் கொட்டி, வெந்நீர் விட்டு, காலி உறையாலேயே கலக்கிக்கொண்டு கேட்டார்.

“நீங்களும் பனிக்கரடிதானா?”

“இல்ல சார். பேப்பர் கப்.”

பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த இளம் பேராசிரியை பியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கீழ வாசல்ல ‘பேப்பர் கப் இல்லாத துறை’ன்னு பேனர் கட்டியிருக்கீங்க” என்றாள் அந்தப் பெண். “இந்த மூணாவது மாடியில மட்டும் இன்னிக்குக் காலையிலேர்ந்து நாப்பது கப்பு குப்பைக்குப் போயிருக்கு. உங்க கையில இருக்கறது நாப்பத்தொண்ணு. துறை பேரு பொறிச்ச எவர்சில்வர் குவளையெல்லாம் கண்ணாடி அலமாரியில வரிசையா நிக்குது. அதுல யாரும் ஒரு வாய் குடிச்சதில்ல.”

மேங்கின் கை கலக்குவதை நிறுத்தியது.

“அதுக்கும் நீங்க இங்க படிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“படிச்சவங்க சொன்னாத்தான் படிச்சவங்க காதுல விழுது. நானும் படிச்சுட்டு வந்து சொல்றேன். போன வருஷம் எட்டு மதிப்பெண்ல இடம் போச்சு. இந்த வருஷம் விடறதா இல்ல.”

“நாப்பதுன்னு எப்படித் தெரியும்?”

“எண்ணினேன்.”

“எங்க நின்னு எண்ணினீங்க?”

“அதைச் சொன்னா என் வேலை தெரிஞ்சுடும். சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

பியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிம்பாப் ஒன்றை வாயில் போட்டு அதை மறைத்தார். மேங்குக்குச் சுர்ரென்று ஏறியது.

“சாமர்த்தியமாப் பேசறீங்க. வெளியிலேர்ந்து வந்த ஒருத்தர் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னா நாங்க தலையாட்டணுமா? இங்க ‘ஆதாரம்’னு ஒரு கட்டம் இருக்கு. இருபது மதிப்பெண். காட்டினா இருபது. இல்லாட்டி பூஜ்யம். நடுவுல எதுவும் கிடையாது.”

“பேச்சு மாற மாட்டீங்களே சார்?”

“முப்பது வருஷமா மாறினதில்ல.”

“அப்ப சரி. தாளை எப்ப மூடி அனுப்புவீங்க?”

“சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும். ஏன், லஞ்சம் ஏதாவது கொண்டுவரப் போறீங்களா?”

“நான் ஒரு மணிக்குத் திரும்ப வேலைக்குப் போகணும். அதான் கேட்டேன்” என்று சொல்லி நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு அவள் போனாள். காலையிலிருந்து வந்த பதினாறு பேரில் யாரும் அப்படித் தள்ளிவிட்டுப் போகவில்லை.

“நல்லாத்தானே சார் பேசினாங்க” என்றார் பியன். “பூஜ்யம் போட்டா இந்த வருஷமும் அவங்களுக்கு இடம் கிடையாது.”

“திமிர். நம்ம கட்டடத்தைப் பத்தி நமக்கே பாடம் நடத்திட்டுப் போகுது. அந்தம்மா இங்க கால் வச்சதே இன்னிக்குத்தான் இருக்கும்.”

மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கப்பை மேஜைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டார். பிறகு ஆதாரம் என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்துப் பேனாவைத் திறந்தார்.

சுவர்க் கடிகாரம் ஒரு மணி காட்டியது. கதவு திறந்தது. குப்பை எடுக்க வருகிற பெண்மணி.

“காலைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்.”

மேங் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே காலை நகர்த்தினார். ஆறு வருஷமாகத் தினமும் ஒரு மணிக்கு நகர்த்துகிற கால்தான்.

கூடையைக் கவிழ்க்கிற வழக்கமான சத்தம் வரவில்லை. மதிப்பெண் தாளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வந்து உட்கார்ந்தது. உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பேப்பர் கப்புகள், பத்துப் பத்தாக நான்கு அடுக்கு. அந்தப் பையின் உச்சியில் ஒரு கை அவருடைய கப்பைக் கொண்டுவந்து வைத்தது. கப்பின் சூடு இன்னும் ஆறவில்லை.

“நாப்பத்தொண்ணு” என்றாள் அவள்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மேங் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். துப்புரவு ஊழியரின் நீலச் சட்டைக்கு மேல், பதினேழாம் எண் அட்டை இன்னும் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.