மேடைக்குப் போகாத மைக்ராஸ்கோப்

தடுப்பூசி நிறுவனத் தலைவி பூங்கோதையின் அறையில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. ஆட்டுக் கொள்ளைநோய்க்கு அவர் மருந்து கண்டுபிடித்தது அதன் வழியே பார்த்துத்தான். இப்போதோ பள்ளிக்கூடம், நூலகம், குடிநீர்த் தொட்டி என்று எதைத் திறக்கப் போனாலும், ஒரு வெள்ளிக் கத்தரிக்கோலைத்தான் காரில் எடுத்துப் போனார். மைக்ராஸ்கோப்புக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், விழா முடிந்து வந்த கத்தரிக்கோலிடம், "ரிப்பன் வெட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டேவிட்டது.

"இல்லதான்," என்றது கத்தரிக்கோல். "நாற்பது விழாவுக்குப் போயாச்சு. மேடையில என்னைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எப்பவும் உன் பேச்சுத்தான். உன்னைப் பார்த்தாலே எனக்கு எரியுது."

மைக்ராஸ்கோப் மிகவும் அன்பாக, "பக்கத்துல வந்து உட்காரு. என்ன பேசினாங்க, முதல்லேர்ந்து சொல்லு" என்றது.