பரந்தன் சந்தியில் ஓர் உறுமல்

பஸ் உறுமியது. தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்கள்? உறுமியது எஞ்சின் இல்லை. பஸ்ஸுக்குள் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர்.

பரந்தன் சந்தியில் சும்மா நிற்கிற பஸ்ஸில் யாரும் ஏறுவதில்லை. ஏறி இருந்து வேகுவதற்கு எங்களுக்கென்ன விசரா? சாரதி எஞ்சினை உறுமவிட வேண்டும். பஸ்ஸை முன்னுக்கும் பின்னுக்கும் அரக்கிக் காட்ட வேண்டும். இனிப் போய்விடும் என்று மனம் பதறிய பிறகுதான், கையிலிருக்கும் வடையை வாய்க்குள் தள்ளிக்கொண்டு ஓடி வந்து ஏறுவோம்.

டீசல் விலை ஏறியதும் தவராசா அண்ணைக்கு இந்தப் பழக்கம் கசந்துவிட்டது. பஸ்ஸும் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். நின்ற இடத்தில் நின்றபடி டீசலைப் புகையாக்குவதை நினைத்தால் அவருக்கு வயிறு எரியும். ஆகவே நல்லதொரு உறுமலை ஃபோனில் பதிந்து, ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டார்.

முதலில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஒருநாள் உறுமலின் நடுவே அவருடைய மனைவி கமலாசனி அக்கா அழைத்தார். தவராசா அண்ணை பதறிப்போய் எதையோ அமத்த, அக்காவின் குரல் சந்தி முழுவதும் கேட்டது.

"வரேக்க தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. மறந்துபோய் வெறுங்கையோட வந்தியளெண்டால் இரவைக்குச் சாப்பாடில்லை!"

அன்றோடு உறுமலின் மானம் போயிற்று.

இன்றைக்குப் பஸ்ஸில் இருந்தது நான் ஒருத்திதான். எனக்கும் இந்த வேகுதல் தேவையில்லை. வீட்டில் ஸ்கூட்டி இருக்கிறது. பெட்ரோல் விற்கிற விலையில் அதை மூடிக் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதன் சீற்றில் கோழி அடைகிடக்கிறது.

ஆனால் ஏழரைக்குள் நான் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவர்கள் பிந்தி வந்தவர்கள். இன்னொரு தரம் கோட்டுக்குக் கீழே போனால் லீவில் வெட்டுவேன் என்று எனக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த லீவை நான் தம்பியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். மாமி நான் இல்லாமல் அந்த வீட்டில் ஆரத்தித் தட்டை யார் தூக்குவது?

"பஸ்ஸைச் சாட்டுச் சொல்லாதேங்கோ ரீச்சர். நான் கிளிநொச்சியிலயிருந்து மோட்டார் சைக்கிளில நேரத்துக்கு வாறன்தானே?" இதுவும் அதிபர் சொன்னதுதான். ஆசிரியர் கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால். எனக்குக் காது சிவந்துவிட்டது.

தவராசா அண்ணை உறுமலை மறுபடியும் போட்டார். கடையில் யாரோ கைதட்டினார்கள்.

ஆட்களைக் கூட்டி வரப் போன நடத்துனர் மாயாண்டி அண்ணையும் அங்கேயே ஒரு பிளேன்ரீயோடு நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் அடுத்த பஸ் வந்து, இடத்தை விடச் சொல்லி ஹோர்ன் அடித்தது. தவராசா அண்ணைக்கு வந்ததே கோபம். திறப்பைத் திருகினார். பஸ் உண்மையாகவே உறுமியது. உண்மையாகவே நகர்ந்தது.

கடையில் சிரிப்பு. "இண்டைக்கு நல்ல கிளியராக் கேக்குது!"

மாயாண்டி அண்ணையும் திரும்பவில்லை. அவரும் ஸ்பீக்கர் உறுமல் என்றுதான் நினைத்தார்.

நாங்கள் சந்தியைத் தாண்டித் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. பிளேன்ரீயை வைத்துவிட்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், வடையும் கையுமாக ஓடி வந்தார்.

ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவது மாயாண்டி அண்ணையின் தொழில். ஒரே தாவலில் மிதிபலகைக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்காரருக்கு அது தொழில் இல்லை.

"பாவம், வழியில பெட்ரோல் முடிஞ்சுபோச்சாம், அந்த ஐயாவும் உங்கட பக்கம்தான் வாறாராம். தெரிஞ்ச ஆளோ ரீச்சர்? நிப்பாட்டச் சொல்லவோ?"

நான் திரும்பி நன்றாகப் பார்த்தேன். நிற்பாட்டினால் கடை முழுக்க ஏறும். ஏறி முடிய ஏழரை தாண்டிவிடும். பின்னால் நிற்கிற பஸ்ஸோ நிரம்பாமல் அசையாது. அந்த மனிதர் வாயைத் திறந்து ஏதோ கத்தினார். பாவமாகத்தான் இருந்தது.

"தெரியாது, அண்ணை," என்றேன்.

பள்ளிக்கூடத்தில் அன்று முதல் கையெழுத்தே என்னுடையதுதான். ஏழரைக்கு சுரேகா ரீச்சர் பதிவேட்டையும் சிவப்புப் பேனையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அதிபரை இன்னும் காணேல்லை. அவருக்கு அடுத்த மூப்பு நீங்கள்தானே, கோட்டை நீங்கள் போடுங்கோ. இல்லாட்டி கொஞ்ச நேரம் பாப்பமோ?"

யன்னலால் எட்டிப் பார்த்தேன். தெருவில் அடுத்த பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் வடை எண்ணெயோடு அதிபர் இறங்கி, வாசலை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

அடிமட்டக் கோலை வைத்து, ஆறுதலாக, நல்ல நேராக இழுத்தேன்.